பழங் கணினி இசையின் மறுபிறப்பு

இசை காலத்தை வென்று நிற்பதற்கு மூன்று வழிகள் நெடுங்காலமாக இருந்துவந்தன. ஆசிரியன் வாயினின்றும் மாணாக்கன் செவிக்குச் செல்லுதல் ஒன்று. சுரக்குறிகளால் ஏட்டிலே எழுதிவைத்தல் மற்றொன்று. ஒலியையே தட்டிலும் நாடாவிலும் பதிந்துவைத்தல் பிறிதொன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இம்மூன்றனுள்ளும் அடங்காத நான்காவது வகையொன்று தோன்றியது. அவ்வகையிலே இசையானது பாடப்படுவதுமன்று, சுரப்படுத்தப்படுவதுமன்று, பதியப்படுவதுமன்று. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைத் தொடராகவே அஃது அமைந்தது. கட்டளையை ஏற்கும் இயந்திரம் உள்ளவரை இசை உண்டு. இயந்திரம் அழியின் கட்டளைகள் வெறும் எண்களாக ஊமையாய்க் கிடக்கும்.

1980களில் இல்லங்களிற் பயன்பட்ட சிறு கணினிகளின் விளையாட்டுகளுக்கு எழுதப்பட்ட இசை இவ்வகையினது. அவற்றுள்ளும் கொமடோர் 64 என்னுங் கணினிக்கு எழுதப்பட்ட இசை தனிச்சிறப்புடையது. அக்கணினி வழக்கொழிந்த பின்னர், வேறு அமைப்பையுடைய புதிய கணினிகளிலே அவ்விசையை மீண்டும் எழுப்ப எடுத்த முயற்சி முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றையுடையது. விளையாட்டுப் பொருள்பற்றிய வரலாறெனினும் இதிலிருந்து அறியத்தக்க உண்மையொன்றுண்டு. பழைய கருவியின் சிறப்புகளைப் படியெடுத்தல் எளிதாயிருந்தது. அதன் குறைகளைப் படியெடுத்தலே அரிதாயிருந்தது. குறைகளைப் படியெடுத்த பின்னரே இசை தன் உருவைப் பெற்றது. இஃது எவ்வாறு நிகழ்ந்ததென்பதே ஈண்டு ஆராயப்படும்.

கருவியும் அதனை ஆக்கியோரும்

கொமடோர் 64 கணினி 1982 ஆம் ஆண்டு தை மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே நடந்த பொருட்காட்சியிற் காட்டப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் 595 டொலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் 64 கிலோபைற்று, அஃதாவது 65,536 பைற்று அளவினது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கணினிகள் இவ்வகையில் விற்பனையாயின. அதன் மூளையாகிய 6510 என்னுஞ் சில்லு செக்கனுக்கு ஏறக்குறையப் பத்து இலட்சம் துடிப்புகளோடு இயங்கியது. இன்றைய அளவிலே நோக்கின் இவையெல்லாம் மிகச் சிறிய எண்களேயாம்.

இக்கணினியின் ஒலிக்கென 'சிட்' எனப் பெயரிய தனிச் சில்லொன்று அமைக்கப்பட்டது. 6581 என்பது அதன் எண். அதனை வகுத்தவர் றொபேட் யானஸ் என்னும் பொறியியலாளர். கொமடோர் நிறுவனத்துக்கு உரியதாயிருந்த மொஸ் தெக்னோலொஜி என்னுஞ் சில்லுத் தொழிற்சாலையிலே 1981 இல் அவர் இப்பணியைச் செய்தார். அக்காலத்துக் கணினிகளிலும் விளையாட்டுப் பொறிகளிலும் இருந்த ஒலிச் சில்லுகள் பெரும்பாலும் 'பீப்' என்னும் ஒலியையும் வெடியொலியையும் எழுப்பவே போதியனவாயிருந்தன. யானஸ் இசையாக்கும் மின்கருவிகளை நன்கறிந்தவர். ஆதலின், கணினிக்குள் அடங்கும் ஓர் உண்மையான இசைக்கருவியையே ஆக்க முயன்றார். பின்னர் அவர் என்சோனிக் என்னும் இசைக்கருவி நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானமை அவர் நாட்டம் எத்துறையினதென்பதைக் காட்டும்.

சிட் சில்லு மூன்று குரல்களையுடையது. ஒவ்வொரு குரலும் முக்கோணவலை, வாட்பல்லலை, துடிப்பலை, இரைச்சல் என்னும் நால்வகை அலைவடிவங்களுள் வேண்டியதைக் கொள்ளும். ஒலி எழுதல், தணிதல், நிலைத்தல், ஓய்தல் என்னும் நான்கு நிலைகளையும் குரல்தோறும் வேறுவேறாக வகுக்கலாம். வீணை நரம்பைத் தெறித்த ஒலிக்கும் நாகசுர ஒலிக்குமுள்ள வேற்றுமை பெரும்பாலும் இந்நான்கு நிலைகளின் கால அளவிலேயே தங்கியுள்ளதாதலின், இவ்வமைப்புப் பெரும் பயனுடையதாயிற்று. இவற்றோடு, ஒலியின் உயர்ந்த கூறுகளையோ தாழ்ந்த கூறுகளையோ நீக்கும் வடிகட்டியொன்றும் இருந்தது. குரல்களை ஆக்கும் பகுதி எண்களால் இயங்குவது; வடிகட்டியோ மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வால் இயங்குவது. இருவேறு இயல்புடைய உறுப்புகள் ஒரே சில்லில் அமைந்திருந்தன. இவ்வேறுபாடு பின்னர் எத்துணைப் பெரிய சிக்கலாயிற்றென்பது மேலே விளங்கும்.

சில்லை ஆக்குதற்குக் கிடைத்த காலம் குறுகியது. மூன்றினும் மிக்க குரல்களை அமைக்க விரும்பிய யானஸ் அதனைக் கைவிட நேர்ந்தது. வடிகட்டியும் அவர் கருதியவாறு அமையவில்லை. அதன் உள்ளே தடைகளாகத் தொழில்புரிந்த திரான்சிற்றர்களின் இயல்பு ஆக்கப்படும் தொகுதிதோறும் வேறுபட்டமையால், ஒரே எண்ணை இட்டபோதும் ஒரு கணினியில் ஒலி தெளிவாயும் மற்றொன்றில் மங்கியும் கேட்டது. பொறியியல் நோக்கில் இவை குற்றங்களே. ஆயினும் சில்லு விற்பனைக்குச் சென்றுவிட்டது.

இசைஞர் கையாண்ட உபாயங்கள்

இச்சில்லைக் கொண்டு இசை செய்தோருட் பலர் ஐரோப்பியர், சிறப்பாக இங்கிலாந்தினர். ஹல் நகரத்தவரான றொப் ஹபாட் முன்னரே இசைத்தொழில் புரிந்தவர். கணினியின் மொழியைத் தாமே கற்றுக்கொண்டவர். 1985 இல் வெளிவந்த 'மொன்ரி ஒன் த றன்', 'கொமாண்டோ' என்னும் விளையாட்டுகளின் இசை அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்தது. மான்செஸ்ரர் நகரிலே ஓஷன் நிறுவனத்திற் பணிபுரிந்த மாட்டின் கோல்வே, வடிகட்டியையும் மெல்ல மாறும் ஒலிநிறங்களையும் கையாள்வதில் வல்லவராயிருந்தார். பென் டாக்ளிஷ் இங்கிலாந்திலும், ஜெரூன் ரெல் ஒல்லாந்திலும், கிறிஸ் ஹுல்ஸ்பெக் ஜேர்மனியிலும் இத்துறையிற் பெயர் பெற்றோராவர்.

இவர்களுக்குச் சுரக்குறித் தாளும் இல்லை. பதிவுக் கூடமும் இல்லை. ஒலித்தட்டின் தரத்திலே பதிந்த ஒலி செக்கனொன்றுக்கு 176,400 பைற்று இடங்கொள்ளும். கொமடோரின் நினைவகம் முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் அரைச் செக்கன் ஒலிதானும் அடங்காது. விளையாட்டின் படங்களும் விதிகளும் அந்நினைவகத்திலேயே இருத்தல் வேண்டும். எனவே, இசைக்குச் சில ஆயிரம் பைற்றுகளே எஞ்சின. அவ்விடத்திலே ஐந்து நிமிடத்துக்கு மேலாக ஒலிக்கும் 'மொன்ரி ஒன் த றன்' இசையை ஹபாட் அடக்கினார். இசையைச் சுரங்களாக மாத்திரம் அன்றி, சுரங்களை வாசிக்கும் நிரலாகவும் எழுதினமையாலேயே இஃது இயல்வதாயிற்று. தொலைக்காட்சித் திரையிலே படம் செக்கனுக்கு 50 முறை புதிதாக எழுதப்படும்போதெல்லாம் அந்நிரல் ஒருமுறை விழித்தெழுந்து, சில்லின் பதிவகங்களில் வேண்டிய எண்களை இட்டுவிட்டு மீண்டும் ஓயும்.

மூன்று குரல்களே உடைய கருவியில் அடிச்சுரம், முதன்மை மெட்டு, தாளம் என்பவற்றுக்கு ஒவ்வொரு குரலை ஒதுக்கின், சுரக்கூட்டுகளுக்கு இடமில்லை. இதனை வெல்ல இசைஞர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. ஒரே குரலிலே மூன்று சுரங்களையும் செக்கனுக்கு 50 முறை என்னும் விரைவில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினர். செவி அவற்றைத் தனித்தனியே பிரித்தறியமாட்டாது ஒரு நடுக்கமுள்ள கூட்டொலியாகக் கொண்டது. அந்நடுக்கமே இவ்விசையின் அடையாளமாயிற்று. வறுமையால் வந்த வழக்கம் பின்னர் அழகாகப் போற்றப்பட்டது.

குற்றத்தையே கருவியாகக் கொண்ட உபாயமும் உண்டு. சில்லின் மொத்த ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் 0 முதல் 15 வரையான பதினாறு படிகள் இருந்தன. 6581 சில்லிலே எக்குரலும் ஒலியாதபோதும் ஒரு நிலையான மின்னழுத்தம் வெளியே கசிந்துகொண்டிருந்தது. ஒலியளவை மாற்றினால் அக்கசிவும் மாறி 'டக்' என்னும் ஓசை கேட்டது. இக்குறையை அறிந்தோர், ஒலியளவைச் செக்கனுக்குப் பல ஆயிரம் முறை மாற்றி, அவ்வோசைகளைத் தொடுத்துப் புதிய அலைகளை ஆக்கினர். இவ்வாறு மூன்று குரலுடைய சில்லு நான்காவது குரலொன்றைப் பெற்றது. 1984 இல் வெளிவந்த 'இம்பொசிபிள் மிஷன்' விளையாட்டிலே கணினி மனிதக் குரலிற் பேசியது இவ்வழியாலேயே. 1987 இல் 'ஆர்க்கனோயிட்' விளையாட்டின் இசைக்குக் கோல்வே தாள ஒலிகளை இவ்வாறே அமைத்தார். அதே ஆண்டில் 'ஸ்கேற் ஓர் டை' விளையாட்டிற்கு ஹபாட் செய்த இசையிலும் இவ்வுபாயம் கையாளப்பட்டது.

சில்லை ஆக்கியோர் இக்கசிவைக் குறையென்றே கொண்டனர் என்பதற்குத் தக்க சான்றுண்டு. 1980களின் பிற்பகுதியில் 8580 என்னும் எண்ணுடன் திருத்திய சில்லு வெளிவந்தபோது அக்கசிவு பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது. விளைவு யாதெனின், புதிய கணினியை வாங்கியோர் பழைய விளையாட்டுகளின் பேச்சையும் தாளத்தையும் அரிதாகவே கேட்க முடிந்தது. திருத்தம் இசையை ஊமையாக்கியது. சிலர் தம் கணினியைத் திறந்து, சில்லின் வெளியொலி வாங்கும் காலில் ஒரு தடையைப் பற்றாசு வைத்து, நீக்கப்பட்ட குறையை மீண்டும் உண்டாக்கிக்கொண்டனர்.

போலியக்கத்தின் தொடக்கம்

ஒரு கணினியை மற்றொரு கணினியைப் போல நடக்கச் செய்தலை எமுலேசன் என்பர். போலியக்கம் எனத் தமிழிற் கூறலாம். இக்கருத்துப் புதியதன்று. 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்ரம்/360 என்னும் கணினி வரிசையை வெளியிட்டபோது, முந்திய கணினிகளுக்கு எழுதிய நிரல்கள் வீணாகாதவாறு இவ்வேற்பாட்டையும் உடன் வழங்கியது. அது வணிகத் தேவைபற்றி எழுந்தது. கொமடோர் இசையின் போலியக்கமோ பெரும்பாலும் ஊதியம் கருதாத ஆர்வலர்களால் நடத்தப்பட்டது.

கொமடோர் நிறுவனம் 1985 இல் அமீகா என்னும் புதிய கணினியை வெளியிட்டது. பெற்றோர் ஒருவரேயாயினும் இவ்விரு கணினிகளும் ஒன்றன் மொழியை மற்றொன்று அறியா. அமீகாவின் ஒலியமைப்பு நான்கு வழிகளையுடையது. பதிந்த ஒலித்துண்டுகளை ஒலிப்பதே அதன் தொழில். சிட் சில்லைப்போல அலைகளைத் தானே ஆக்கும் இயல்பு அதற்கில்லை. இவ்வாறு முற்றும் வேறுபட்ட கணினியிலே 1990 இல் பெர் ஹோக்கான் சுண்டெல், றொன் பிர்க் என்னும் இருவர் 'பிளேசிட்' என்னும் நிரலை ஆக்கினர்.

அவர்கள் எண்ணியது நுட்பமானது. கொமடோர் கணினி முழுவதையும் போலச் செய்ய அமீகாவின் வேகம் போதாது. அவ்வாறு செய்த நிரல்கள் மிக மெதுவாகவே இயங்கின. இசைக்கு மாத்திரம் வேண்டியது யாது? விளையாட்டினுள்ளே இசையை வாசிக்கும் சிறு நிரல்; அதனை இயக்க 6510 மூளை; அது எழுதும் எண்களை ஏற்கச் சிட் சில்லு. திரையும் விசைப்பலகையும் வேண்டுவதில்லை. வாசிப்பு நிரல் செக்கனுக்கு 50 முறை எழுந்து சிறிதளவு வேலையே செய்வதாதலின், அதனைப் போலச் செய்ய அமீகாவால் இயன்றது. விளையாட்டிலிருந்து வாசிப்பு நிரலையும் சுரத் தரவையும் பிரித்தெடுத்து, அவற்றின் முன்னே இசையின் பெயர், இசைஞர் பெயர், நிரல் தொடங்குமிடம், ஒவ்வொரு முறையும் அழைக்கவேண்டிய இடம் முதலியவற்றைக் குறித்து ஒரு கோப்பாக ஆக்கினர். இக்கோப்பு வடிவமே இன்றுவரை சிட் கோப்பு என வழங்குகின்றது.

ஒலிப்பதிவு நாடாவில் இவ்விசையைப் பதிந்துவைத்தால் ஆகாதோ என்று வினவலாம். பதிவு என்பது ஒரு கணினியில், ஒரு பொழுதில் எழுந்த ஒலியின் நிழல். சிட் கோப்போ இசைஞர் எழுதிய கட்டளைகளையே தன்னுட் கொண்டது. அதனை ஆராய்வோர் எக்குரல் எப்போது எதைச் செய்ததென்று எண்ணளவிற் காணலாம். ஹபாட் ஒரு தாள ஒலியை எவ்வாறு அமைத்தாரென்பதைப் பதிவிலே செவியால் ஊகிக்கலாம். கோப்பிலோ கண்ணாற் காணலாம். இசையோடு இசைசெய்யும் முறையும் காக்கப்பட்டது.

கொமடோர் நிறுவனம் 1994 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் முறிவடைந்தது. கொமடோர் 64 உம் அமீகாவும் ஒருங்கே ஆதரவிழந்தன. போலியக்கம் செய்த புதிய கணினியே பழங் கணினியாயிற்று. ஆயினும் பிளேசிட் நிரலின் முறை ஏனையோருக்குத் தெரிந்ததாயும், கோப்பின் வடிவம் பொதுவானதாயும் இருந்தமையால் பணி நின்றுவிடவில்லை. 1990களின் நடுப்பகுதியிலே மிக்கயேல் ஷ்வென்ட் என்பவர் 'சிட்பிளே' என்னும் நிரலைப் பிற கணினிகளுக்காக எழுதினார். 1996 இல் 'ஹை வோல்ற்றேஜ் சிட் கொலெக்ஷன்' என்னும் பெருந் தொகுப்புத் தொடங்கப்பட்டது. உலகின் பல பாகங்களிலுமுள்ள ஆர்வலர் விளையாட்டுகளினின்றும் இசையைப் பிரித்தெடுத்து, இசைஞர் பெயர்களை ஆராய்ந்து திருத்தி அத்தொகுப்பிற் சேர்த்தனர். இன்று அதில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இசைகள் உள்ளன.

குறைகளைப் படியெடுத்தல்

தொடக்ககாலப் போலியக்கத்தில் மெட்டுகளை அறிந்துகொள்ளலாம். ஆனால் ஒலியின் நிறம் வேறாயிருந்தது. பிளேசிட் நிரலால் வடிகட்டியின் தொழிலைச் செவ்வனே காட்ட இயலவில்லை. ஒலியளவை மாற்றி எழுப்பும் நான்காங் குரலைக் கொண்ட இசைகளுக்கு மூல நிரலையே மாற்றி, பிளேசிட்டுக்கென அமைந்த சிறப்புக் குறிப்புகளை இட்டுவைத்தனர். ஏடு பரிசோதிப்போர் தமக்கு விளங்காத பாடத்தைத் தாமே திருத்தி எழுதுவதை ஒத்தது இச்செயல். பின்னர் கணினிகளின் வேகம் பெருகியபோது, கொமடோரின் சூழல் முழுவதையும் வேண்டும் புதிய கோப்பு வகை ஏற்படுத்தப்பட்டது. மாற்றப்பட்ட நிரல்கள் நீக்கப்பட்டு மூல நிரல்கள் தத்தம் இடத்திலே மீண்டும் வைக்கப்பட்டன.

சில்லைத் துல்லியமாகப் போலச் செய்யும் பணியிலே 1990களின் இறுதியில் நோர்வே நாட்டவரான டாக் லெம் எழுதிய 'றீசிட்' என்னும் நிரல் ஒரு திருப்புமுனையாகும். ஒரு சுரம் எவ்வாறு கேட்கவேண்டும் என்று கருதாமல், சில்லு தன் ஒவ்வொரு துடிப்பிலும் யாது செய்யும் என்பதையே அந்நிரல் கணித்தது. ஐரோப்பியக் கணினியிலே சில்லு செக்கனுக்கு 985,248 முறை துடிக்கும். புதிய கணினியின் ஒலியோ செக்கனுக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டது. ஏறக்குறைய 22 துடிப்புகளின் விளைவை ஒரு மாதிரியிலே அடக்குதல் வேண்டும். இடையிலுள்ளவற்றை வாளா விட்டுவிடின் மூலத்தில் இல்லாத கீச்சொலிகள் தோன்றும். ஆதலின் அவற்றை முறைப்படி சுருக்கும் கணிதமும் தேவையாயிற்று.

எண்களால் இயங்கும் பகுதியின் இரகசியங்களை அறிய வழியொன்று இருந்தது. மூன்றாங் குரலின் அலையையும் அதன் ஒலி எழுச்சியையும் வாசித்தறியத்தக்க இரு பதிவகங்கள் சில்லிலேயே அமைந்திருந்தன. ஆராய்வோர் சில்லையே வினவி விடைபெற்றனர். இவ்வாறு வெளிப்பட்ட குறைகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒலி எழுதல் முதலிய நிலைகளின் காலத்தை அளக்கும் எண்ணி, புதிதாக இட்ட எல்லையை முன்னரே கடந்துவிட்டிருப்பின், 32,768 வரை எண்ணித் திரும்பவும் தொடங்கும். அதுவரை சுரம் எழாது. இத்தாமதம் ஏறக்குறைய 33 மில்லிசெக்கன். திரை ஒன்றரை முறைக்கு மேல் எழுதப்படும் காலம். தாளத்திலே இது செவிக்குப் புலனாகும் பிழை. இசைஞர் இதனை நுகர்ந்தறிந்து, சுரத்துக்குச் சற்று முன்னரே எண்ணியை ஒரு நிலைக்குக் கொணரும் உபாயத்தைக் கையாண்டனர். போலியக்கம் இப்பிழையைக் காட்டாதுவிடின், பிழையைத் தவிர்க்க எழுதிய கட்டளைகள் பொருளற்றுப்போம். சுரங்களின் தொடக்கமும் மாறும். நோயை மறைத்துவிட்டு மருந்தை மாத்திரம் கொடுப்பதை ஒத்ததாகும் அது.

இரண்டு அலைவடிவங்களை ஒருங்கே தெரிவுசெய்தால் விளைவது யாதென்பதும் இத்தகையதே. நிறுவனத்தின் விளக்கக் குறிப்பு அதனை எளிய விதியொன்றாற் கூறியது. உண்மைச் சில்லோ அவ்விதிக்கு அடங்கவில்லை. எனவே, உண்மைச் சில்லுகளிலிருந்து அளந்தெடுத்த அட்டவணைகளை றீசிட் பயன்படுத்தியது. ஆக்கியோன் எழுதிய விளக்கத்தினும் ஆக்கப்பட்ட பொருளே வலிய சான்றென்பது இதனாற் போதரும்.

வடிகட்டியே இறுதிவரை அடங்காதிருந்தது. அது மின்னழுத்தத்தால் இயங்குவதாதலின் எண்ணாக வினவி அறிய இயலாது. அதன்மீது செலுத்தும் ஒலி மிகும்போது அது கரகரத்துச் சிதையும். அச்சிதைவே அடிச்சுரங்களுக்கும் உறுமும் மெட்டுகளுக்கும் உயிரூட்டியது. பின்லாந்தைச் சேர்ந்த அந்தி லங்கிலா என்பவர் றீசிட் நிரலை விரித்து இச்சிதைவைக் கணிக்க முயன்றார். சில்லின் உறையை நீக்கி, உட்பரப்பை நுணுக்குக்காட்டியாற் படம்பிடித்து, ஒவ்வொரு திரான்சிற்றரையும் இனங்கண்டு, அவற்றின் இயல்பினின்றும் வடிகட்டியின் நடத்தையைப் பெறும் முறையும் பின்னர் வந்தது. குறுகிய காலத்தில் ஒருவர் வகுத்த உறுப்பொன்றை விளங்கிக்கொள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன.

எது மூலம்?

இத்துணை உழைப்பின் பின்னரும் விடுபடாத வினா ஒன்றுண்டு. சில்லுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதனவாயின், எச்சில்லின் ஒலியை மூலமெனக் கொள்வது? இசைஞர் தம் மேசைமேலிருந்த கணினியின் வடிகட்டிக்கு ஏற்ப எண்களை இட்டார். விளையாட்டை வாங்கிய சிறுவன் தன் வீட்டிற் கேட்டது வேறொன்று. அவனுக்கு அதுவே மூலம்.

நாட்டு வேறுபாடும் இதனைச் சிக்கலாக்கும். ஐரோப்பியக் கணினிக்கென எழுதிய இசையை அமெரிக்கக் கணினியில் இயக்கின், சில்லின் துடிப்பு 1,022,727 ஆதலால் 440 மீடிறனுடைய சுரம் ஏறக்குறைய 457 ஆக உயரும். அஃது அரைச்சுருதியின் பாதிக்கு மேற்பட்ட ஏற்றம். திரை செக்கனுக்கு 60 முறை எழுதப்படுவதால் காலப்பிரமாணமும் ஐந்திலொரு பங்கு விரைவுபடும். ஒரே கட்டளைத் தொடர் இரு நாடுகளில் இருவேறு சுருதியிலும் இருவேறு நடையிலும் ஒலித்தது.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அறிஞர் இத்தகைய இடர்ப்பாட்டை நன்கறிவர். ஏடுகள் தம்முள் மாறுபடுமிடத்து ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை எறிந்துவிடாது, பாடபேதங்களைக் குறித்து வைத்தலே அவர்கள் கண்ட நெறி. கொமடோர் இசையைக் காப்போரும் அந்நெறியையே தாமாகக் கண்டனர். சிட் கோப்பிலே இவ்விசை 6581 சில்லுக்குரியதோ 8580 சில்லுக்குரியதோ, ஐரோப்பியக் கணினிக்குரியதோ அமெரிக்கக் கணினிக்குரியதோ என்னுங் குறிப்பும் இடம்பெறலாயிற்று. நல்ல போலியக்கிகளிலே கேட்போன் சில்லை மாற்றியும் வடிகட்டியின் இயல்பை மாற்றியும் கேட்கலாம்.

போலியக்கம் எதற்கு, உண்மைச் சில்லையே பயன்படுத்துதல் நன்றன்றோ என்பாரும் உளர். சுவீடனைச் சேர்ந்த இலெக்ட்ரோன் நிறுவனம் 1999 இல் உண்மைச் சிட் சில்லை உள்ளடக்கிய 'சிட்ஸ்ரேஷன்' என்னும் இசைக்கருவியை விற்றது. புதிய கணினியினுள் உண்மைச் சில்லைப் பொருத்தும் அட்டைகளும் வந்தன. அவை தரும் ஒலியில் ஐயமில்லை. ஆயின் அச்சில்லு இப்பொழுது ஆக்கப்படுவதில்லை. உள்ளவை வெப்பத்தாலும் முதுமையாலும் ஒவ்வொன்றாய்க் கெடுகின்றன. சுரத்தை மாத்திரம் எடுத்து வேறு கருவிகளில் வாசிப்பதும் ஒரு வழியே. 2019 இல் ஹபாட்டின் சொந்த நகராகிய ஹல்லிலே இவ்விசைகள் பெரிய வாத்தியக் குழுவொன்றால் நகர மண்டபத்தில் வாசிக்கப்பட்டன. அது மெட்டுக்குக் கிடைத்த பெருமை. சில்லின் குரலோ அங்கில்லை. அக்குரலுக்கெனவே அம்மெட்டு எழுதப்பட்டதென்பதை மறத்தலாகாது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஒன்று புலனாகும். பொருளைப் பேணி வைத்தல் மாத்திரம் காத்தலாகாது. பேழையிலே பூட்டிய சில்லு ஒருநாள் இறக்கும். அதன் இயல்பை, நிறையோடு குறையையும் ஒளியாது அறிந்து, அறிந்ததைப் பிறர் வாசிக்கும்படி வெளிப்படையாக எழுதிவைத்தலே காத்தலாகும். றீசிட் நிரலின் மூல வரிகள் எவரும் வாசிக்கவும் திருத்தவும் உரிமையுடன் வெளியிடப்பட்டன. அதனாலேயே ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்க முடிந்தது. இன்றைய கணினிகளும் நாளை வழக்கொழியும். அன்று இப்போலியக்கிகளையும் யாரோ மீண்டும் எழுதவேண்டியிருக்கும். விளையாட்டுச் சிறுவர்க்கென எழுதப்பட்டு, சில ஆண்டுகளில் மறக்கப்படுமென்று கருதப்பட்ட ஓரிசை, இத்தனை கைமாறியும் தன் கரகரப்போடும் நடுக்கத்தோடும் நிலைத்துள்ளது. திருத்தியமைப்பதற்கு முன்னர் அறிந்துகொள்ள விரும்பியோர் பலர் இருந்தமையே அதற்குக் காரணம்.